பொம்மை ரெயிலை மறித்த மர்மம்! பேத்தி துப்பு துலக்கினாள்

சென்னை வில்லிவாக்கத்தில் ஒரு மாடி வீடு. இரவு 9 மணி. விடிந்தால் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. அந்த நேரம் பார்த்து, ஓடிக்கொண்டிருந்த ரெயில் நின்று விட்டது!

பதற வேண்டாம். இது பொம்மை ரெயில். அசலில் 87-ல் ஒரு பங்கு. நம் அகல ரெயில் பாதையின் அகலம் 1,676 மில்லி மீட்டர். இந்த பொம்மை பாதைக்கோ வெறும் 16.5 மில்லி மீட்டர்.

செய்தவர், பெரம்பூர் ரெயில் பெட்டி தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். 1955-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி நேரு தொடங்கி வைத்தாரே, அதே தொழிற்சாலைதான். 7-ம் வகுப்பு படிக்கும் பேத்திக்காக 4 அடி நீள பிளைவுட் பலகையில் தண்டவாளம் பதித்து இருந்தார்.

காப்பர் டேப்

இந்த ரெயில் 12 வோல்ட்டில் ஓடுகிறது. கரண்ட் வருவது தண்டவாளம் வழியாக. தண்டவாள இணைப்புகளில் அழுக்கு சேர்ந்தால் தூரத்தில் கரண்ட் குறையும். எனவே பலகைக்கு அடியில் இரண்டு வரிசையாக காப்பர் டேப் ஒட்டினார். ரிச்சி தெருவில் வாங்கியது. ஒவ்வொரு தண்டவாள துண்டில் இருந்தும் ஒயர் இறக்கி, டேப்பில் பற்ற வைத்தார்.

முதல் நாள் ஜோராக ஓடியது. அன்று இரவு மட்டும் ஒரு மூலைக்கு போனதும் நின்றது. தள்ளி விட்டால் மறுபக்கம் ஓடியது. என்ன மாயம்?

துப்பு துலங்கியது

எஞ்சினை நின்ற இடத்திலேயே விட்டு, சுவிட்சையும் போட்டு வைத்தார்கள். ஸ்டூல் மேல் இருந்த பலகைக்கு அடியில், டார்ச்சும் மல்டிமீட்டருமாக பேத்தி தவழ்ந்தாள்.

"தாத்தா, இந்த பக்கம் 12 காட்டுது. மூலை தாண்டினா 3 தான்!"

குற்றவாளி சிக்கினான். மூலையில் டேப்பை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி இருந்தார் தாத்தா. டேப்பின் அடியில் இருப்பது பசை. பெரும்பாலான டேப்களில் அந்த பசை வழியாக கரண்ட் சரியாக பாயாது. அழுத்திய வேகத்தில் ஒரு நாள் தாக்குப்பிடித்து, பிறகு கைவிட்டு விட்டது.

நடுங்கிய கை

சுவிட்சை அணைத்து, எஞ்சினை எடுத்து விட்டு, பலகையை சுவரில் சாய்த்தார்கள். பெரியவர் சால்டரிங் கம்பியை எடுத்தார். கை நடுங்கியது.

"கண்ணு தெரியலம்மா. நீயே பத்த வை. உப்புத்தாளால தேச்சுக்கோ. மூணு எண்ணுறதுக்குள்ள எடுத்துடு. இல்லேன்னா பசை தீஞ்சுடும்."

ஒன்று... இரண்டு... மூன்று! இணைப்பின் மேல் ஈயம் பளபளத்தது.

எச்சரிக்கை!

பெரியவர் நம்மிடம் கூறியதாவது:-

"ரெயில் தடம் புரண்டு ரெண்டு தண்டவாளத்தையும் தொட்டா ஷார்ட் ஆகும். டேப் மெல்லிசு, சூடாயிடும். கண்டிப்பா பியூஸ் வேணும். வீட்டு கரண்ட் 230 வோல்ட். அதை டேப்புல கொடுக்கவே கூடாது. உயிர் போயிடும்."

இரவு 10.30 மணிக்கு ரெயில் புறப்பட்டது. 20 சுற்று, ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"எத்தனையோ பெட்டிக்கு நான் வெல்டிங் பண்ணினேன். இது இவ முதல் வெல்டிங்" என்ற பெரியவர், துண்டால் கண்ணை துடைத்தார்.

காலை 7 மணி. குட்டியானை வண்டியில் ஏறி பள்ளிக்கூடம் போனது ரெயில்!