வீட்டுக்குள் நீர் விடும் நாய்: அடிக்காதீர்கள், தண்ணீரை அளந்து பாருங்கள்

விடிந்ததும் கொல்லைப்புறம் சென்று சிறுநீர் கழித்து வரும் நாய் அது. திண்ணையைக்கூட அசுத்தம் செய்ததில்லை. ஒரு வாரமாகக் கூடத்திலேயே ஈரம் செய்கிறது, அடித்தும் திருந்தவில்லை, ஆகவே இரவில் தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிட்டேன் என்றார் விவசாயி ஒருவர். அடித்தது தவறு. தண்ணீரை நிறுத்தியது அதனினும் பெரிய தவறு.

நன்கு பழகிய நாய் திடீரெனப் பழக்கம் மாறினால் முதலில் நோயைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், பருவத்திற்கு வந்த சில வாரங்களில் பெட்டை நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடித்தல் ஆகியவற்றில் தாகம் மிகும், சிறுநீரும் பெருகும். ஊறலுக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியாலும் இவ்வாறு நேரும். இந்நிலையில் தண்ணீரைக் குறைத்தால் உடல் வறண்டு சிறுநீரகம் மேலும் கெடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சட்டியில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். அன்று நாயை மாட்டுத் தொட்டிப் பக்கம் விடாமல் நிழலில் வைத்திருங்கள். 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை அளந்து கழியுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லி லிட்டருக்கு மேல் குடித்திருந்தால் கோளாறு உண்டு. 15 கிலோ நாய்க்கு ஒன்றரை லிட்டர்தான் எல்லை. மேற்சொன்ன நாய் இரண்டேகால் லிட்டர் குடித்திருந்தது!

சோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. நெல் மூட்டை அடுக்கிய வீடு, எலிக்குப் பஞ்சமில்லை. எலியின் சிறுநீர் வழியாக நாய்க்கு வரும் இக்கிருமி, நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் மாட்டுக்கும் பரவக்கூடும். காலில் சேற்றுப்புண், வெடிப்பு உள்ளவர்கள் கவனமாயிருக்க வேண்டும். கறவை மாடுகளில் கன்று வீச்சும் ஏற்படலாம். ஈரத்தைத் துடைக்கும்போது கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொள்ளுங்கள். சோப்பு நீரில் கழுவியபின் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளியுங்கள். வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் வந்தால், நாய்க்கு இந்நோய் இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி உண்டு. எல்லா வகைக் கிருமிக்கும் அது காப்பாகாது. எலி ஒழிப்பும் தேவை.

எல்லா ஈரமும் ஒன்றல்ல. படுத்த இடம் மட்டும் நனைந்திருந்தால் தூக்கத்தில் கசிகிறது. கருத்தடை செய்த பெட்டைகளிலும் கிழ நாய்களிலும் இது உண்டு. மூட்டையின் மேல் காலைத் தூக்கிச் சிறிது விடுவது ஆண் நாயின் எல்லைக் குறி. வெடிச் சத்தத்தில் பயந்தும் விடும். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டாலோ, நீரே வராவிட்டாலோ கல் அடைத்திருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மறுநாள் வரை தாங்காது.

மற்றவற்றிற்கு, காலையில் முதலில் விடும் சிறுநீரைக் கழுவிய தட்டில் பிடித்து, சுத்தமான சீசாவில் அன்று காலையிலேயே கொண்டுபோங்கள். குடித்த தண்ணீரின் அளவையும், அண்மையில் போட்ட ஊசிகளையும் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்; டாக்டர் கேட்பார்.