கசகசாச் செடியும் மூளையின் பூட்டுகளும்

வீட்டில் குருமாவுக்குத் தேங்காயோடு கசகசா அரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் செடி நம் சேலம், நாமக்கல் வயல்களில் விளைவதில்லை. நாமக்கல் லாரிகள் வடக்கே செல்லும் வழியில், மத்தியப் பிரதேசத்தின் நீமச், மண்ட்சோர் வட்டாரங்களில், அரசாங்க உரிமம் பெற்ற உழவர்கள் அதைப் பயிரிடுகிறார்கள். விதை சமையலுக்கு ஆகும். முற்றாத காயிலிருந்து வடியும் பாலோ அபினி!

அபினியிலிருந்து மார்ஃபின் என்ற மருந்தை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தவர் செர்ட்டுர்னர் என்ற ஜெர்மானியர். கடும் வலியையும் அது தணிக்கும். எங்கோ வளரும் செடியின் பால் நம் மூளையில் எப்படி வேலை செய்கிறது?

திண்டுக்கல் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உரிய சாவி நுழைந்தால்தான் அது திறக்கும். நரம்பணுக்களின் மேற்புறத்திலும் புரதத்தாலான பூட்டுகள் உண்டு. அவற்றை 'ஏற்பிகள்' என்பர். மார்ஃபின் பொருந்தும் ஏற்பிகள் மூளையில் இருப்பதை 1973-இல் அமெரிக்காவில் கேன்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் ஆகியோர் காட்டினர்.

ஒரு செடிக்காகவா மூளை பூட்டுச் செய்து வைத்திருக்கும்? 1975-இல் விடை கிடைத்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் இருவரும் பன்றி மூளையிலிருந்து 'என்கெஃபலின்' என்ற பொருளைப் பிரித்தனர். அது மூளை தானே செய்துகொள்ளும் சாவி! கபடி ஆட்டத்தில் முழங்கால் சிராய்த்தது அப்போது தெரியாமல், ஆட்டம் முடிந்தபின் வலிக்கிறதல்லவா? அதற்கு இத்தகைய சாவிகளும் ஒரு காரணம்.

இந்தப் பூட்டுகளில் முக்கியமானவை மூன்று வகை. 'மியூ' திறந்தால் வலி குறையும், இன்ப உணர்வு தோன்றும், குடலின் அசைவு தளர்ந்து மலச்சிக்கல் வரும், மூச்சும் மெதுவாகும். 'கப்பா'வும் வலியைக் குறைக்கும், ஆனால் இன்பத்துக்குப் பதிலாக மனம் கசந்துபோகும், சிறுநீர் அதிகமாகும். 'டெல்டா' மனநிலையோடு தொடர்புடையது. அது இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளிடம் அச்சம் மிகுந்திருந்தது.

நன்மையை மட்டும் தரும் சாவி கிடைக்காதா? 1996-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் மியூ இல்லாத எலிகளுக்கு மார்ஃபின் கொடுத்துப் பார்த்தனர். வலி குறையவில்லை, அடிமைத்தனமும் உண்டாகவில்லை. இரண்டுக்கும் வாசல் ஒன்றே என்பது அப்போது விளங்கிற்று.

சாவியை அடிக்கடி போட்டால் பூட்டு தேய்வதுபோல், நரம்பணுக்களும் மருந்துக்குப் பழகிவிடும். அதே பலனுக்கு மேலும் மேலும் மருந்து வேண்டும். நிறுத்தினாலோ உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று எல்லாம் தலைகீழாகும். அளவு மீறினால் மூச்சே நின்றுவிடலாம். அந்த வேளையில் உதவுவது 'நலாக்சோன்' என்ற மருந்து. அது பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காத சாவி. மார்ஃபினை வெளியே தள்ளி, தான் அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இந்த அபாயத்தை எண்ணித்தான் 1985-இல் நம் நாட்டில் கடுமையான போதைப்பொருள் சட்டம் வந்தது. ஆனால் அதன் பின் புற்றுநோயாளிகளுக்கும் மார்ஃபின் கிடைப்பது அரிதாயிற்று. அபினி விளையும் நாட்டிலேயே நோயாளிகள் வலியால் துடித்தார்கள்! 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், மருத்துவர் மேற்பார்வையில் மார்ஃபினை நோயாளிகளுக்குப் பாதுகாப்பாகக் கொடுக்கலாம் என்று காட்டிற்று. 2014-இல் சட்டமும் திருத்தப்பட்டது.

மாணவர்களே, இரண்டு செய்திகளை மனத்தில் வையுங்கள். பரீட்சைக் கவலை தீரும் என்று யாரேனும் ஒரு வலி மாத்திரையை நீட்டினால், அது மூச்சின் பூட்டையும் தொடும் சாவி என்பதை நினைத்து, மறுத்துவிடுங்கள். புற்றுநோயால் துன்புறும் தாத்தாவுக்கு மருத்துவர் மார்ஃபின் எழுதித் தந்தால், "ஐயோ, போதை மருந்து!" என்று வீட்டார் அஞ்சக்கூடும். அப்போது அவர்களுக்கு இந்தப் பூட்டின் கதையைச் சொல்லுங்கள். சாவி ஒன்றுதான், அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.