கோட்டூர்புரம் மரப்பூங்காவும் கிராமத்துச் சாலை மரங்களும்

மரம் நடுவது எளிது. நட்ட மரத்தை நிலைக்கச் செய்வதே அரிது. வருஷந்தோறும் மழைக்கால ஆரம்பத்தில் கன்றுகள் ஏராளமாக நடப்படுகின்றன. அவற்றுள் மூன்று கோடைகளைத் தாண்டி நிற்பவை எத்தனை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போர் சிலரே. முன்னோர் வைத்து ஐம்பது, நூறு வருஷங்களாக நிழலும் பலனும் தந்துவரும் மரங்களோ, ஆணியாலும் தீயாலும் சிமெண்டுத் தளத்தாலும் சிறிது சிறிதாக மாண்டு வருகின்றன. கிராமங்களில் நிலம் உண்டு. மரத்தின் குணமறிந்த மக்களும் உண்டு. பட்டணவாசிகளுக்கோ சொந்த நிலமில்லை; சாலை மரத்தின் மகசூலில் பாத்தியமுமில்லை. அப்படியிருந்தும் சென்னைப் பட்டணத்தில் சிலர் பொது இடத்து மரங்களைத் தம்முடையவை போலப் பாவித்துப் பேணி வருகின்றனர். அவர்களுடைய அனுபவத்தில் நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் கைக்கொள்ளத்தக்கவை பல உள்ளன.

கோட்டூர்புரத்தின் வரலாறு

கோட்டூர்புரம் சென்னையின் தென்பாகத்தில் அடையாற்றின் கரையில் உள்ளது. கிண்டி வனமும் இதற்கு அண்மையிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் வயலும் தோப்புமாக இருந்த இப்பகுதி, பின்னர் வீடுகள் நெருங்கிய பேட்டையாக மாறியது. இங்கே ஆற்றோரமாகப் பொதுப்பணித் துறைக்குரிய நிலம் சில ஏக்கர், குப்பை கொட்டும் இடமாகக் கிடந்தது.

2005-ஆம் ஆண்டில் சென்னையில் ‘நிழல்’ என்னும் அறக்கட்டளை தொடங்கப்பெற்றது. நகரத்து மரங்களைக் காப்பதும், அவற்றைப் பற்றிய அறிவைப் பரப்புவதுமே அதன் நோக்கம். 2006-ஆம் ஆண்டில் இவ்வறக்கட்டளை துறையின் அனுமதியுடன் அந்நிலத்தில் மரப்பூங்கா ஒன்றை உண்டாக்கத் தொடங்கிற்று. பல தொழில் செய்வோரும், பெண்களும், மாணவர்களும் தொண்டர்களாக வந்து களையெடுத்தல், நீர் விடுதல், உரமிடுதல் முதலிய வேலைகளைத் தம் கையாலேயே செய்தனர். குப்பைமேடு இப்போது நாட்டு மரங்கள் செறிந்த சோலையாக விளங்குகிறது.

இதில் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. அந்நிலத்தின் உரிமை அரசாங்கத்திடமே இருந்தது. பராமரிப்பை மட்டும் குடிகள் ஏற்றனர். உரிமையுள்ள துறை அனுமதியளித்ததும், பராமரிப்போர் நடுகை விழாவோடு நின்றுவிடாமல் வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்ததுமே இம்முயற்சி நிலைத்ததற்குக் காரணம். கிராமத்து ஏரிக்கரைக்கும் சாலையோரத்துக்கும் இம்முறை முற்றிலும் பொருந்தும்.

பெயரறிதலே காவல்

மரத்தின் பெயரறியாதவன் அதை வெட்டும்போது வருந்துவதில்லை. ‘ஒரு மரம் போயிற்று’ என்பதோடு அவன் விஷயம் முடிகிறது. இது புன்னை, இது மகிழம், இது நீர்மருது என்று அறிந்தவனுக்கோ இழந்தது இன்னதென்று தெரியும். இதனையுணர்ந்தே நிழல் அமைப்பினர் மர நடை என்னும் வழக்கத்தை மேற்கொண்டனர். ஒரு வட்டாரத்து மக்கள் காலையில் ஒன்றுகூடித் தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு மரத்தின் பெயர், பூர்வீகம், பூக்கும் பருவம், உபயோகம் ஆகியவற்றைக் கேட்டறிகின்றனர்.

மரங்களோடுள்ள உறவு சென்னைக்குப் புதிதன்று. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் ஸ்தல விருட்சம் புன்னை; திருவான்மியூரில் வன்னி. புரசைவாக்கம் புரசு மரத்தால் பெயர் பெற்றது என்பர். அடையாற்றில் பிரம்மஞான சங்கத் தோட்டத்தின் பேராலமரம், 1989-ஆம் ஆண்டுப் புயலில் தாய்மரம் சாய்ந்த பின்னும் விழுதுகளால் உயிர்தாங்கி நிற்கிறது. கிராமத்தாருக்கு மரங்களின் பெயர்கள் இன்றும் தெரியும். ஆயினும் அவ்வறிவு முதியோரோடு நின்றுவிடாமல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சேர்வது அவசியம்.

புயல் கற்பித்த பாடம்

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்றால் நகரமெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே பகலில் சாய்ந்தன. வெளிநாடுகளினின்றும் அழகுக்காகக் கொணரப்பட்ட குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி முதலியவை பெருவாரியாக விழுந்தன. விரைந்து வளர்ந்து அகன்ற குடையாகப் படர்வது இவற்றின் இயல்பு. கிளைகளும் எளிதில் முறிவன. கடற்கரைக் காற்றுக்குப் பழகிய புன்னை, பூவரசு, புங்கம், மகிழம், இலுப்பை முதலிய நாட்டு மரங்கள் இக்கரையோரத்துக்கு ஏற்றவை என்னும் கருத்து இதன்பின் வலுப்பெற்றது.

எனினும் மரத்தின் ஜாதியை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. வேம்பும் அரசும்கூடச் சில இடங்களில் சாய்ந்தன. காரணம் மண்ணுக்குக் கீழே இருந்தது. மரத்துக்கு உணவு தேடும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் 2, 3 அடி ஆழத்துக்குள்ளேயே பரவுகின்றன. அகலத்திலோ கிளை நிழலையும் கடந்து செல்கின்றன. சாக்கடைக்கும் குழாய்க்கும் கம்பிக்கும் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்கத்து வேர் முழுவதும் அறுபடுகிறது. அப்பால் அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டு பூசுவதால் நீரும் காற்றும் உள்ளே இறங்க வழியில்லாமல் எஞ்சிய வேரும் நலிகிறது. மேலே பச்சையாகத் தோன்றும் மரம் கீழே பிடிப்பில்லாமல் நிற்கிறது. பெருங்காற்று வந்ததும் அது வேர் நறுக்குண்ட பக்கத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்வது இயல்பே.

கிராமங்களிலும் இதே தீங்குகள்

சாலையை அகலப்படுத்துவதும், குடிநீர்க் குழாய் பதிப்பதும், சிமெண்டுச் சாலை போடுவதும் இப்போது கிராமங்களிலும் நடைபெறுகின்றன. ஆகையால் பின்வருவன கவனத்துக்குரியவை:

(1) பள்ளம் தோண்டுதல்.— அடிமரத்தின் குறுக்களவைப்போல் 12 மடங்கு தூரத்துக்குள் பள்ளம் தோண்டாதிருப்பது நலம். 2 அடி குறுக்களவுள்ள புளியமரத்துக்கு இது 24 அடியாகும். அவ்வளவு இடம் விட இயலாதபோது இயந்திரத்தை விலக்கிக் கையால் தோண்டிப் பெருவேர்களை அறுக்காமல் அவற்றின் கீழே குழாயைச் செலுத்தலாம்.

(2) சிமெண்டுத் தளம்.— 2013-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டில்லி நகரத்து மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குச் சிமெண்டை அகற்றும்படி உத்தரவிட்டது. கிராமத்து அரசமரத்தடி மேடைக்கும் இது பொருந்தும். மேடை கட்டுவோர் அடிமரத்தைச் சுற்றி மண் வெளியாக விடவேண்டும். மண்ணை உயர்த்தி அடிமரத்தைப் புதைத்தால் பட்டை அழுகும்.

(3) ஆணியும் கம்பியும்.— மரத்தின் உயிரோட்டம் புறப்பட்டைக்கு அடுத்த மெல்லிய படலத்திலேயே உள்ளது. விளம்பரப் பலகைக்கு அடிக்கும் ஆணி அப்படலத்தைக் கிழித்துப் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் வாயில் திறக்கிறது. சுற்றிக் கட்டிய கம்பி, மரம் பருக்கப் பருக்க உள்ளே பதிந்து, இலைகள் ஆக்கிய உணவு வேருக்கு இறங்காமல் தடுக்கிறது. சென்னையில் தொண்டர்கள் நாள் குறித்து இவ்வாணிகளைப் பிடுங்கி வருகின்றனர். ஒரு கடப்பாரையும் குறடும் இருந்தால் ஊர்ச் சிறுவர்களே இதைச் செய்யலாம்.

(4) கிளை கழித்தல்.— மின்கம்பிக்காக ஒரு பக்கத்துக் கிளைகளை மட்டும் மொட்டையாக வெட்டினால் பாரம் மறுபக்கம் சாயும். கிளையை அதன் அடிப்புடைப்புக்குச் சற்று வெளியே வெட்டுவதே முறை. கனத்த கிளையாயின் முதலில் கீழ்ப்புறம் சிறிது அறுத்து, பின்பு மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது. ஒரே வருஷத்தில் தழையில் நாலிலொரு பங்குக்கு மேல் கழிக்கலாகாது.

(5) தீ.— சருகைக் கூட்டி அடிமரத்தில் கொளுத்துவது கிராமங்களில் மலிந்த வழக்கம். வெந்த பட்டை மீண்டும் உயிர் பெறாது.

நிழலால் வரும் வழக்கு

சாலை மரத்தின் நிழல் தம் பயிரைக் கெடுக்கிறதென்று ஓரத்து நிலக்காரர்கள் கூறும் குறையை அலட்சியம் செய்தலாகாது. நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் வெளிச்சம் வேண்டும். மரத்தையொட்டிய சில சால்களில் விளைவு குறைவது உண்மையே. இக்குறையைக் கேட்பாரின்மையால்தான் சில இடங்களில் இரவில் அடிமரத்துக்குத் தீயிடுவதும், பட்டையை வளையமாக உரிப்பதும் நிகழ்கின்றன. பிறகு மரம் பட்டுப்போயிற்றென்று மனுச் செய்து வெட்டப்படுகிறது.

இதற்குப் பரிகாரம் உண்டு. தாழ்ந்த கிளைகளை உரிய அனுமதியுடன் உயரக் கழித்துவிட்டால் காலை, மாலை வெயில் வயலில் விழும். ஓரத்துச் சால்களில் மஞ்சள், சேனை, தீவனப் புல் முதலிய நிழல் தாங்கும் பயிரை வைக்கலாம். கழித்த தழையை ஓரத்து நிலக்காரருக்கே பசுந்தாள் உரமாகக் கொடுத்தால் மரத்தின்மேல் அவருக்குப் பகை நீங்கிப் பற்று உண்டாகும். பட்டணத்துத் தொண்டர்கள் அன்பினால் செய்வதைக் கிராமத்தில் நியாயமான பலனும் சேர்ந்து செய்விக்கும்.

சட்டமும் கணக்கும்

மகாராஷ்டிரம் 1975-ஆம் ஆண்டிலும், கர்நாடகம் 1976-ஆம் ஆண்டிலும், டில்லி 1994-ஆம் ஆண்டிலும் மரப் பாதுகாப்புக்கெனச் சட்டங்கள் இயற்றின. தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் மலைப்பகுதிகளுக்கே உரியது. 2021-ஆம் ஆண்டில் அரசாங்கம் மாநிலப் பசுமைக் குழுவையும், மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழுக்களையும் அமைத்தது. பொது நிலத்து மரத்தை வெட்டுவது பற்றிய கோரிக்கை இக்குழுவின் பரிசீலனைக்குரியது. ஆகவே சாலை வேலையின் பேரால் மரத்தில் கைவைக்குமுன் அனுமதி உண்டா என்று கேட்கும் கடமை ஊராட்சித் தலைவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் உண்டு.

புறம்போக்கு மரங்களின் பலனை அநுபவிக்கக் கொடுக்கும் 2-சி பட்டா நம் நாட்டில் பழைய ஏற்பாடு. நட்டு வளர்த்தவனுக்கு நிலம் உரிமையாகாமல் பலன் மட்டும் உரிமையாவது இதன் தத்துவம். கோட்டூர்புரத்தில் பலனை நாடாமலே நடந்த காரியத்துக்கு, கிராமத்தில் கணக்கின் துணையும் இருக்கிறது. கணக்கில் உள்ள மரம் ஒன்று காணாமற்போனால் கேள்வி எழும். கணக்கில் இல்லாத மரத்துக்காகக் கேட்பவர் எவருமிலர். ஆகையால் வருஷத்துக்கு ஒரு முறை சாலை, ஏரிக்கரை, மந்தை, சுடுகாடு ஆகிய இடங்களின் மரங்களை ஜாதி வாரியாக எண்ணி, அடிமரச் சுற்றளவையும் குறித்துக் கிராம சபையில் படிப்பது மிக்க பயன் தரும்.

புதிதாக நடுவோருக்கு

விழுந்த மரத்துக்குப் பதில் நடும்போது குழி 3 அடி நீளம், அகலம், ஆழம் இருக்கட்டும். கன்றின் பிளாஸ்டிக் பையை முழுவதும் கிழித்தெறிந்து, உள்ளே சுருண்ட வேரைப் பிரித்துவிட வேண்டும். இல்லையேல் அச்சுருள் பின்னாளில் மரத்தையே நெரிக்கும். நாற்றங்காலில் மண்மட்டம் எங்கிருந்ததோ அங்கேயே குழியிலும் இருக்கவேண்டும். தாங்குகோலைத் தளர்வாகக் கட்டி, ஒரு வருஷத்துக்குப்பின் அவிழ்த்துவிட வேண்டும். காற்றில் சிறிது அசைந்து வளரும் மரமே அடிபருத்து உறுதிபெறும். மூன்று கோடைகளுக்கு நீர் விடுவார் இன்னாரென்று நடுமுன்பே தீர்மானித்தல் அவசியம்.

புயலில் சாய்ந்த இளமரம் வேரில் ஒரு பகுதி மண்ணிலேயே பற்றியிருப்பின் உடனே வெட்டிவிடலாகாது. வேரை ஈரச் சாக்கால் மூடி, தழையைக் குறைத்து, குழியை ஆழப்படுத்தி, சில நாட்களுக்குள் நிமிர்த்தி முட்டுக் கொடுத்தால் அது பிழைக்கக்கூடும். வர்தாவுக்குப்பின் சென்னையில் பல மரங்கள் இவ்வாறு நிமிர்த்தப்பட்டன.

வேளாண்மைத் துறையின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தின் வாயிலாகப் பட்டா நிலங்களில் நடுவதற்கு மரக்கன்றுகள் கொடுக்கும் முறை 2021-22-ஆம் ஆண்டில் தொடங்கியது. கன்று கேட்கச் செல்லுமுன், ஊர்ப் பொது நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் புளியையும் வேம்பையும் மருதையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நல்லது. அறுபது வருஷத்து மரம் ஒன்றின் நிழலை இவ்வாண்டு நடும் கன்று அடுத்த தலைமுறையில்தான் தரமுடியும். நிற்கும் மரத்தைக் காப்பதற்கோ, ஆணியைப் பிடுங்கவும், சிமெண்டை விலக்கவும், தீயைத் தடுக்கவும் ஒரு நாள் உழைப்பே போதும்.