பழ ஈயில் திசுவுக்கு ஏற்ப மாறும் செய்தி ஆர்.என்.ஏ.

பழ ஈயின் (டிரோசோபிலா மெலனோகாஸ்டர்) எல்லா உயிரணுக்களிலும் ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. ஆயினும் ஒரே மரபணு வெவ்வேறு திசுக்களில் வெவ்வேறு புரதங்களைத் தரக்கூடும். மரபணுவிலிருந்து முதலில் படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வில் எக்சான் எனப்படும் பகுதிகளுக்கு இடையே இன்ட்ரான் எனப்படும் பகுதிகள் உள்ளன. இன்ட்ரான்களை வெட்டி நீக்கி எக்சான்களை ஒட்டிய பின்னரே செய்தி ஆர்.என்.ஏ. உருவாகிறது. இந்த வெட்டி ஒட்டும் வேலை எல்லாத் திசுக்களிலும் ஒரே விதமாக நடப்பதில்லை. இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு 'பி' கூறு.

பி கூறு என்பது டி.என்.ஏ.வில் இடம்விட்டு இடம் தாவும் ஒரு துண்டு. இது 20ஆம் நூற்றாண்டில் டிரோசோபிலா வில்லிஸ்டோனி என்ற வேறோர் இனத்திலிருந்து பழ ஈக்குள் நுழைந்ததாகக் கருதப்படுகிறது. பி கூறு உள்ள ஆண் ஈயை அது இல்லாத பெண் ஈயுடன் கலந்து, வெப்பம் கூடிய சூழலில் வளர்த்தால் பிறக்கும் ஈக்கள் பெரும்பாலும் மலடாகின்றன. ஆனால் அவற்றின் கண்ணும் இறக்கையும் காலும் இயல்பாகவே இருக்கும். உடலைத் தொடாமல் இனப்பெருக்க உயிரணுக்களை மட்டும் இது ஏன் தாக்குகிறது?

1986இல் லாஸ்கி, ரியோ, ரூபின் ஆகியோர் இதற்கு விடை கண்டனர். பி கூறின் மரபணுவில் மூன்று இன்ட்ரான்கள் உள்ளன. இனப்பெருக்க உயிரணுக்களில் மூன்றும் நீக்கப்பட்டு, தாவலை நிகழ்த்தும் 87 கிலோடால்டன் நொதி உருவாகிறது. உடல் உயிரணுக்களில் மூன்றாவது இன்ட்ரான் நீக்கப்படாமல் தங்கிவிடுகிறது. அதற்குள் நிறுத்தக் குறி ஒன்று இருப்பதால் 66 கிலோடால்டன் அளவிலான குறைப்புரதமே கிடைக்கிறது. அதனால் தாவலை நடத்த முடியாது. மாறாக அது தாவலை அடக்குகிறது.

சோதனை எளிமையானது. மூன்றாவது இன்ட்ரானை முன்கூட்டியே நீக்கிய பி கூறை ஈக்குள் செலுத்தியபோது உடல் உயிரணுக்களிலும் தாவல் நிகழ்ந்தது. கண் நிற மரபணுவைச் சுமக்கும் பி கூறு உள்ள ஈயில் இப்படிச் செய்தால் கண்ணில் திட்டுத்திட்டாக நிற மாற்றம் தெரியும். பி கூறுகள் ஏராளமாக உள்ள ஈயிலோ விளைவு இன்னும் கடுமை: பெரும்பாலானவை கூட்டுப்புழுப் பருவத்திலேயே இறந்துவிடுகின்றன. ஓம்புயிர் இறந்தால் ஒட்டுண்ணிக்கும் வழியில்லை. அடுத்த தலைமுறைக்குச் செல்லாத உடல் உயிரணுவில் தாவுவதால் பி கூறுக்கு ஆதாயமும் இல்லை.

இந்தத் தடையின் பொறிமுறையில் ஓர் ஏமாற்று இருக்கிறது. இன்ட்ரானுக்குச் சற்று முன்னே, எக்சானுக்குள், வெட்டும் இடத்தைப் போலவே தோன்றும் போலி இடங்கள் உள்ளன. பி.எஸ்.ஐ., எச்.ஆர்.பி.48 என்னும் புரதங்கள் அங்கே அமர்ந்து, வெட்டும் இடத்தை அடையாளம் காணும் யு1 துகளைப் போலி இடத்துக்கு இழுத்துக்கொள்கின்றன. உண்மையான இடம் வெறுமையாகக் கிடக்கிறது. பி.எஸ்.ஐ. உடல் உயிரணுக்களில் மிகுதியாகவும் இனப்பெருக்க உயிரணுக்களில் குறைவாகவும் இருப்பதே திசு வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம்.

நரம்புத் திசுவில் நிலைமை வேறு. நரம்பணுக்களில் உள்ள எலாவ் என்ற புரதம், நியூரோகிளியன் மரபணுவின் செய்தி ஆர்.என்.ஏ.வில் நரம்பணுக்களுக்கே உரிய இறுதி எக்சானைச் சேர்க்கச் செய்கிறது. அதனால் அங்கே 180 கிலோடால்டன் புரதமும், பிற திசுக்களில் 167 கிலோடால்டன் புரதமும் உருவாகின்றன.