அருகில் இருக்கும் நகல்

சமையலறையில் கடுகும் சீரகமும் மிளகும் அஞ்சறைப் பெட்டியில் அடுப்பருகே இருக்கின்றன. அவற்றின் மொத்த இருப்போ சேமிப்பறையில் இருக்கிறது. தாளிக்கும் ஒவ்வொரு முறையும் சேமிப்பறைக்குச் சென்றுவந்தால், அதற்குள் எண்ணெய் புகைந்துவிடும். அடிக்கடி வேண்டுவதைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொள்ளும் இந்த எளிய அறிவே, வணிக மென்பொருள்களின் விரைவுக்கும் அடிப்படையாக அமைந்துள்ளது.

தொலைவும் நேரமும்

பல கிளைகளைக் கொண்ட ஒரு வணிக நிறுவனத்தின் விலை, வரி, இருப்பு ஆகிய விவரங்கள் அனைத்தும் ஒரு தரவுத்தளத்தில் தொகுக்கப்பட்டிருக்கும். அத்தரவுத்தளம் தொலைவிலுள்ள சேவையகத்தில் இயங்கும். கிளையிலுள்ள கணினி ஒரு விவரத்தைக் கேட்கும்போது, வினா சேவையகத்திற்குச் சென்று விடை திரும்பி வரவேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சேவையகம் 1,000 கிலோமீட்டர் தொலைவில் இருப்பின், சென்று திரும்ப மட்டுமே 10 மில்லி நொடி ஆகும். கணினி எத்துணை ஆற்றல் வாய்ந்ததாயினும் இந்நேரத்தைக் குறைக்க இயலாது.

வழியிலுள்ள கருவிகளின் தாமதத்தையும் சேர்த்து, ஒரு வினாவிற்கு 20 மில்லி நொடி எனக் கொள்வோம். ஒரு விலைப்பட்டியலில் 20 பொருள்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பெயர், வரி விகிதம், இருப்பு என மூன்று வினாக்களை மென்பொருள் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது. 60 வினாக்களுக்கு 1.2 நொடி செலவாகிறது. பெயரையும் வரி விகிதத்தையும் ஒருமுறை பெற்றுக் கிளைக் கணினியின் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டால், அடுத்தடுத்த பட்டியல்களுக்கு 20 வினாக்களே போதும், நேரம் 0.4 நொடியாகக் குறையும். இவ்வாறு அருகில் வைக்கப்படும் நகலையே ‘கேச்’ என்பர். இதன் பயன் ஒரு கணினியோடு நிற்பதில்லை. 50 கணினிகள் ஒரே வேளையில் பட்டியலிட்டால், சேவையகத்தை அடையும் வினாக்கள் 3,000இலிருந்து 1,000 ஆகக் குறைகின்றன. சுமை குறைவதால், எஞ்சிய வினாக்களுக்கும் விரைவில் விடை கிடைக்கிறது.

நகல் பழையதாகும்போது

அஞ்சறைப் பெட்டி உவமை இவ்விடத்தில் முடிவுறுகிறது. பெட்டியில் இருப்பது பொருளின் ஒரு பகுதி. கேச்சில் இருப்பதோ நகல். மூலம் மாறினாலும் நகல் தானாக மாறாது. 2017 ஜூலை 1 அன்று இந்தியாவில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அத்தகைய நாளில் பழைய வரி விகிதத்தின் நகலைப் புதுப்பிக்காத கணினி, மிக விரைவாகத் தவறான பட்டியல்களையே அச்சிடும். இருப்பைப் பொறுத்தவரை இடர் இன்னும் பெரிது. கடைசியாக எஞ்சியுள்ள ஒரு பொருள் இரு கிளைகளின் நகல்களிலும் ‘ஒன்று உள்ளது’ எனக் காட்டினால், அது இருவருக்கு விற்கப்படும். அவர்களுள் ஒருவர் பணம் செலுத்தியும் பொருளின்றித் திரும்புவார்.

ஒரு மென்பொருள் காட்டும் வழி

ஜெர்மனியில் 1972இல் தொடங்கப்பட்ட எஸ்.ஏ.பி. நிறுவனம், 1992இல் ஆர்/3 என்னும் வணிக மென்பொருளை வெளியிட்டது. அதில் பயனரின் திரை, பயன்பாட்டுச் சேவையகம், தரவுத்தளம் என மூன்று அடுக்குகள் உள்ளன. பயன்பாட்டுச் சேவையகமே தரவுத்தளத்திடம் வினவுகிறது. எனவே நகல்களும் அதன் நினைவகத்திலேயே வைக்கப்படுகின்றன. நாட்டின் பெயர், நாணயக் குறியீடு முதலிய, அடிக்கடி படிக்கப்பட்டும் அரிதாகவே மாறும் அட்டவணைகள் இதற்கு ஏற்றவை. இடையறாது மாறும் பரிவர்த்தனைத் தரவுகள் ஏற்றவையல்ல. ஒரு சேவையகத்தில் மாற்றம் நிகழ்ந்தால், அது தரவுத்தளத்தில் ஒரு குறிப்பாகப் பதியப்படும். ஏனைய சேவையகங்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் அக்குறிப்பைப் பார்த்துத் தம்மிடமுள்ள பழைய நகலை நீக்கும். அந்த இடைவெளியில் பழைய மதிப்பு வெளிப்படக்கூடும். ஆதலால், அச்சிறு தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளத்தக்க தரவுகளையே நகலெடுக்க வேண்டும்.

தெரிந்து வைத்தல்

எனவே மென்பொருள் வடிவமைப்பாளர் ஒவ்வொரு தரவையும் நோக்கி மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். இஃது எத்தனை முறை படிக்கப்படுகிறது? எவ்வளவு அடிக்கடி மாறுகிறது? பழைய மதிப்பைக் காட்டினால் யாருக்கு என்ன இழப்பு? முதல் இரண்டின் விடைகள் கேச்சால் விளையும் நன்மையைக் காட்டும். மூன்றாவதன் விடை அதன் எல்லையை வரையறுக்கும். பொருளின் பெயரை நகலிலிருந்து காட்டலாம். விற்பனையை உறுதி செய்யும் நொடியில் இருப்பை மூலத் தரவுத்தளத்திலேயே சரிபார்க்க வேண்டும். அந்த ஒரு வினாவிற்காகச் செலவிடும் 20 மில்லி நொடி வீணன்று. வாங்குபவருக்கு நாம் அளிக்கும் வாக்கின் விலை அது.