யவன வீரனுக்கு வேஷம் யார்?

நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு இரகசிய வியாதி உண்டு. கதை பாதி வளருமுன்பே, அது ஸினிமாவாக வந்தால் யார் யாருக்கு என்ன வேஷம் என்று மனத்திற்குள் பங்கீடு செய்யத் தொடங்கிவிடுவார்கள். வெளியில் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நமக்கும் அந்த வியாதி வந்தது. பழைய மதுரையின் கோட்டை வாயிலைக் காத்த ஒரு யவன வீரனைப் பற்றி யுத்தக் கதை எழுதினோம். அது வெறும் கற்பனை என்று நேயர்கள் எண்ண வேண்டாம். மதுரை மதிலைக் காத்த யவனரைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. போர்ப் பாசறையில் பணி செய்த யவனரை முல்லைப்பாட்டு சொல்கிறது. ரோமாபுரி நாணயங்களும் மதுரையில் கிடைத்திருக்கின்றன. ஆனால் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நம் பேனா நின்றுவிட்டது. பாண்டியனாக இவர், பட்டத்தரசியாக அவர், சேனாதிபதியாக மற்றொருவர் என்று நக்ஷத்திரங்களை வரிசைப்படுத்தி ஒரு ஜாபிதாவே எழுதி முடித்தோம்!

இதில் நமக்கு முன்னோடிகள் உண்டு. கல்கியின் ‘தியாகபூமி’ ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தபோது, கே. சுப்ரமணியம் எடுத்துக்கொண்டிருந்த படத்தின் காட்சிகளே கதைக்குச் சித்திரங்களாக அச்சாயின. சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன், சாவித்திரியாக எஸ். டி. சுப்புலட்சுமி, சாருவாகப் பேபி சரோஜா. 1939ல் படம் வெளிவருமுன்பே பாத்திரங்களின் முகம் வாசகர்களுக்குப் பழகிப்போயிற்று. தேசியக் கிளர்ச்சிக்குத் துணைபோகிறது என்று அந்நிய சர்க்கார் பின்னர் படத்தைத் தடை செய்தது; ஆனால் மனத்தில் பதிந்த முகங்களைத் தடை செய்ய அதற்குச் சட்டம் கிடைக்கவில்லை.

‘பொன்னியின் செல்வன்’ விஷயமோ வேறு. அதன் பாத்திரங்களுக்கு முதலில் முகம் தந்தது ஓவியர் மணியத்தின் தூரிகை. கல்கி 1954ல் காலமானார். 1958ல் எம்.ஜி.ஆர். அக்கதையைப் படமாக்க உரிமை வாங்கி, நடிக நடிகையரையும் அறிவித்தார், படம் வரவில்லை. மணிரத்னத்தின் படம் 2022லும் 2023லும் இரு பாகங்களாக வந்தது. ஆசிரியருக்கு அவற்றில் ஒன்றையும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அகிலனுக்கு அந்தப் பாக்கியம் கிட்டியது. அவருடைய ‘கயல்விழி’ நம் பாண்டிய நாட்டுக் கதை. அதுவே ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ என்ற படமாக 1978 ஜனவரியில் வெளிவந்தது. பந்துலு தொடங்கிய படம். அவர் 1974ல் மறைந்தபின் எம்.ஜி.ஆரே இயக்கி முடித்தார். வாளேந்திய இளவரசனுக்கு வயது ஏறக்குறைய அறுபத்தொன்று. அதற்குள் நிஜமாகவே கோட்டையைப் பிடித்து முதலமைச்சராகவும் ஆகியிருந்தார்! ஜனங்கள் பார்க்க வந்தது பாண்டியனையா, எம்.ஜி.ஆரையா என்று கேட்டால், அன்று மதுரையில் யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். நம்மை ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள்.

இவ்விடத்தில்தான் நம் ஜாபிதா நம்மை உறுத்தத் தொடங்கியது. 1216ல் பட்டமேறிய சுந்தர பாண்டியன் சோழ நாட்டைக் கொளுத்தினான். தஞ்சையும் உறந்தையும் எரிந்தன. பகைவர் மண்ணில் கழுதை பூட்டி உழுததாக அவனுடைய மெய்க்கீர்த்தி பெருமை பேசுகிறது. பட்டினப்பாலை பாடிய புலவருக்குப் பரிசாகக் கிடைத்த பதினாறுகால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு புகழ்கிறது. கவிஞனுக்குக் காட்டிய மரியாதை உயர்ந்ததுதான். ஆனால் கழுதை உழுத வயல் யாருடையது? அதில் நாற்று நட்டவள் பெயர் என்ன? கல்லில் அது இல்லை.

நம் ஜாபிதாவைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். அரசன், அரசி, சேனாதிபதி, யவனன், ஒற்றன் எல்லோரும் இருந்தார்கள். படை மிதித்துச் சென்ற வைகைச் சமவெளியின் குடியானவர்களுக்கு நாம் எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்: “கூட்டம்.” வெட்கமாயிருந்தது. நடிகர்களைத் தேடிய கண்ணுக்கு மனிதர்கள் தென்படவில்லை.

ஜாபிதாவைக் கிழித்துப் போட்டுப் பன்னிரண்டாம் அத்தியாயத்தை மறுபடி எழுதினோம். இப்போது அதில் ஒரு கிழவி வருகிறாள். மிதிபட்ட கதிர்களைப் பொறுக்கியபடியே, தண்ணீர் கேட்கும் யவனனைப் பார்த்து, “உன் ஊரிலும் வயல் உண்டா, அப்பா?” என்கிறாள். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த நிமிஷத்தில்தான் அவன் நமக்கு வேஷதாரியாக இல்லாமல் மனிதனானான்.

அவளாக யார் நடிப்பது? அந்தக் கவலை நமக்கில்லை. நடவு காலத்தில் மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கம் போகிறவர்கள் சற்றே வண்டியை நிறுத்திப் பார்த்தால் போதும். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, நிமிர்ந்து நம்மைப் பார்ப்பாள்.