டாங்கி ஊரின் வரிக் கணக்கு

நடுவண் அரசின் நிதிநிலை அறிக்கை வெளிவரும் பிப்ரவரி மாதத்தில், வருமான வரி எவ்வளவு குறைந்தது, ராணுவத்துக்கு எவ்வளவு கூடியது என்னும் இரு கேள்விகளே விவாத மேடைகளை நிறைத்துவிடுகின்றன. 2025-26ஆம் ஆண்டின் 50.65 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுத் திட்டத்தில் பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி ஒதுக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 1.60 லட்சம் கோடி ஓய்வூதியத்துக்கும், புதிய தளவாடங்கள் வாங்குவதற்கான மூலதனச் செலவாக 1.80 லட்சம் கோடியும் போக, எஞ்சியவற்றில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் அன்றாடப் பராமரிப்புக்கும் உரியது. அரசு வாங்கிய கடனுக்கான வட்டியோ 12.76 லட்சம் கோடி என்பதால், ராணுவச் செலவுதான் கஜானாவைக் காலி செய்கிறது என்ற பழைய முழக்கம் பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

ஆவடிக்கு வடக்கே மனைப்பிரிவுகளும் கல்லூரிகளும் பெருகிவரும் வெள்ளானூர் போன்ற ஊர்களிலிருந்து பார்க்கும்போது இந்த விவாதம் வேறு முகம் கொள்கிறது. சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை ஆவடிக் காங்கிரஸ் மாநாடு நிறைவேற்றிய 1955க்குப் பின், அதே ஆவடியில் 1960களில் ராணுவ உடைத் தொழிற்சாலையும், மக்கள் வழக்கில் 'டேங்க் ஃபேக்டரி' எனப்படும் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. 1965இல் இங்கிருந்தே விஜயந்தா டாங்கி வெளிவந்தது; 2021 செப்டம்பரில், 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கான 7,523 கோடி ரூபாய் ஆணையும் இங்கேயே வந்தது. இத்தொழிற்சாலைகளால் சம்பளமும் வியாபாரமும் வளர்ந்தன, ஆகவே ஊருக்கு வேறென்ன வேண்டும் என்று கேட்போரும் உண்டு.

ஆனால் சம்பளத்துக்கான வருமான வரி டெல்லிக்குச் செல்கிறது. அதன்மீது விதிக்கப்படும் செஸ் எனும் தனிநோக்க மேல்வரியும், சர்சார்ஜ் எனும் கூடுதல் வரியும் மாநிலங்களோடு பகிரப்படுவதே இல்லை. உள்ளாட்சிக்கு நேரடியாக வரும் வரிகளில் முதன்மையானது சொத்து வரி. அங்கேதான் அரசமைப்புச் சட்டத்தின் 285ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. நாடாளுமன்றம் சட்டத்தால் வேறு வகை செய்தாலன்றி, ஒன்றிய அரசின் சொத்துக்கு மாநிலமோ அதன் உள்ளாட்சியோ எந்த வரியும் விதிக்க இயலாது என்பது அதன் சாரம். ஒரு நகரில் ராணுவ நிலம் எவ்வளவு பரந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் வரித்தளம், அதாவது வரி விதிக்கத்தக்க சொத்துகளின் தொகுதி, சுருங்கிவிடுகிறது. 2022 ஏப்ரலில் தமிழக நகரங்களின் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது அந்தச் சுமை வீட்டுக்காரர்மீதும் கடைக்காரர்மீதும்தான் இறங்கியது.

வரிக்கு மாற்றாகச் சேவைக் கட்டணம் என்ற ஏற்பாடு இருக்கிறது. சாலை, விளக்கு, துப்புரவு முதலிய வசதிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறது என்பதைப் பொறுத்து, சொத்து வரிக்கு ஈடாகக் கணக்கிடப்படும் தொகையில் 75, 50 அல்லது 33⅓ விழுக்காட்டை ஒன்றிய அரசுத் துறை செலுத்த வேண்டும் என்ற முறையை, ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் பதிவுசெய்தது. இது வரியன்று, கட்டணம்; எந்த விகிதம் பொருந்தும் என்பதையும் ஒவ்வோர் ஊரும் பேசித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

2021 அக்டோபர் 1 முதல் நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகள் அரசுத் துறை என்ற நிலையை இழந்து, ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தன. அவற்றுள் கவச வாகனங்களுக்கான நிறுவனத்துக்கு ஆவடியே தலைமையிடம். நிறுவனச் சட்டத்தின்கீழ் பதிவான அமைப்பு, பங்கு முழுவதும் அரசிடமே இருந்தாலும் தனிச் சட்ட ஆளுமை உடையது, அதன் சொத்து ஒன்றியத்தின் சொத்து ஆகாது என்று வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில் 1980களின் தொடக்கத்திலேயே தீர்ப்பாகிவிட்டது. அப்படியானால் ஆலை வளாகங்களுக்கு முழுச் சொத்து வரி கேட்கும் வழி திறந்திருக்கலாம். அந்த நிலமும் கட்டடமும் எவர் பெயரில் நிற்கின்றன என்பதில்தான் முடிச்சு இருக்கிறது. தொழிற்சங்கங்கள் இம்மாற்றத்தைப் பணிப் பாதுகாப்பு என்ற கோணத்தில் எதிர்த்தன. வரிக் கோணத்தை ஊர் கவனித்ததாகத் தெரியவில்லை.

பதினைந்தாம் நிதிக்குழுவின் பரிந்துரை ஊரின் வரி இழப்பு பற்றிய கவலையை இன்னும் கூட்டுகிறது. 2021-26க்கு 2.38 லட்சம் கோடி ரூபாயில், ஆண்டு முடிவில் காலாவதியாகாத பாதுகாப்பு நவீனமயமாக்கல் நிதியம் ஒன்றை அது முன்வைத்தது. அதில் 1.53 லட்சம் கோடி இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது எல்லா வரிகளும் சேரும் பொதுப்பையிலிருந்து வரவேண்டும். மீதிக்குக் காட்டப்பட்ட வழிகளில், பாதுகாப்புத் துறை நிறுவனப் பங்குகளின் விற்பனையோடு, தேவைக்கு மிஞ்சிய ராணுவ நிலத்தைப் பணமாக்குவதும், மாநிலங்கள் எடுத்துக்கொண்ட ராணுவ நிலத்துக்கான நிலுவையைப் பெறுவதும் அடங்கும். ராணுவ நிலத்துக்கு மாநிலம் தரவேண்டியது நிலுவை என்று எழுதப்படுகிறது. அதே நிலம் ஊருக்குத் தராமல் விட்டது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

2021-26 காலத்தில் மத்திய வரிகளில் தமிழகத்தின் பங்கு 4.079 விழுக்காடாக இருந்தது பற்றி நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது. அது நியாயமான குரலே; ஊர்களின் வரித்தளத்துக்காகவும் அதே குரல் எழலாம். 285ஆம் பிரிவின் விலக்கைத் தளர்த்துவதற்கோ அரசமைப்புத் திருத்தம்கூடத் தேவையில்லை. அந்தப் பிரிவே இடம் தந்திருப்பதால், சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேறும் ஒரு சட்டமே போதும்.